முன்பல்லின் தலையும் வேரும் ஒரே கோட்டில் இல்லாதபோது: கழுத்துக் கோணத்தை அளந்து படிக்க ஒரு வழிகாட்டி

“எங்க வீட்டுல எல்லாருக்குமே இந்தப் பல்லுதான் தம்பி. எனக்கு, எம் மகளுக்கு, இப்ப இவளுக்கு.”

கானாடுகாத்தானிலிருந்து பேத்தியைக் கூட்டி வந்த ஆச்சி, நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டார். பேத்திக்கு 13 வயது. மேல் நடுப்பற்கள் இரண்டும் அண்ணத்தைப் பார்த்துச் சாய்ந்திருந்தன. அவற்றுக்கு இரண்டு பக்கமும் உள்ள வெட்டுப்பற்கள் வெளியே பிதுங்கி, நடுப்பற்கள் மேல் லேசாக ஏறி நின்றன. கடித்துக் காட்டச் சொன்னேன். கீழ் முன்பற்கள் ஒன்றுகூடத் தெரியவில்லை. மேற்பற்கள் மூடிபோட்ட மாதிரி மறைத்துவிட்டன.

இந்தப் பிள்ளையின் வாயை அவ்வப்போது தொட்டுக்கொண்டேதான் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். பல் மருத்துவம் படிக்கும் தம்பி தங்கைகளையும், புதிதாகக் கிளிப் போடத் தொடங்கியிருக்கும் இளம் மருத்துவர்களையும் மனத்தில் வைத்து எழுதியது. வீட்டுப் பிள்ளைக்குக் கிளிப் போடப்போகும் பெற்றோரும் கணக்கு வரும் இடங்களைத் தாண்டிவிட்டுப் படிக்கலாம்.

எதை அளக்கிறோம்

பாடப்புத்தகப் படத்தில் முன்பல் ஆணி மாதிரி நேராக இருக்கும். ஈறுக்கு வெளியே தெரிவது தலை, எலும்புக்குள் ஊன்றியிருப்பது வேர், இரண்டும் சேருமிடம் கழுத்து. நிஜத்தில் பல பற்கள் கழுத்தில் கொஞ்சம் மடிந்திருக்கும். தலையின் நடுக்கோட்டை வேர்ப்பக்கம் நீட்டினால், அது வேரின் நடுக்கோட்டோடு ஒன்றாமல் விலகிப் போகும். அந்த விலகலின் அளவுதான் காலம் ஆங்கிள். நேரத்தைக் குறிக்கும் காலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. லத்தீனில் கழுத்தை அப்படிச் சொல்வார்கள். குழப்பம் வேண்டாம், இனிமேல் கழுத்துக் கோணம் என்றே எழுதுகிறேன்.

ஒன்றை இப்போதே பிரித்துவிட வேண்டும். பல் சாய்வது வேறு, பல் மடிவது வேறு. பொங்கலுக்குக் கட்டி வைத்த கரும்பு சுவரில் சாய்ந்து நிற்கலாம், ஆனால் கரும்பு நேராகவே இருக்கும். கணுவில் வளைந்த கரும்பை நிமிர்த்தி நிறுத்தினாலும் வளைவு போகாது. எடுப்பான பல்லைப் பார்த்ததும் ‘கோணம் அதிகம்’ என்று மாணவர்கள் சொல்வது இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவதால்தான்.

முதலில் கடி, பிறகு படம்

எக்ஸ்ரேயைக் கையில் எடுக்கும் முன் கடியை வகைப்படுத்தி எழுதிவிடுங்கள். எட்வர்ட் ஆங்கிள் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1899-இல் கொடுத்த வகைப்பாடு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மேல் முதல் கடைவாய்ப்பல்லின் கன்னப்பக்க முன்முகடு, கீழ் முதல் கடைவாய்ப்பல்லின் கன்னப்பக்கப் பள்ளத்தில் உட்கார்ந்தால் முதல் வகுப்பு. கீழ்ப்பல் அதற்குப் பின்னால் தங்கிவிட்டால் இரண்டாம் வகுப்பு, முன்னால் போய்விட்டால் மூன்றாம் வகுப்பு.

இரண்டாம் வகுப்புக்குள் இரண்டு பிரிவுகள் உண்டு. மேல் முன்பற்கள் வெளியே நீட்டிக்கொண்டு நின்றால் பிரிவு ஒன்று. மேல் நடுப்பற்கள் உள்ளே சாய்ந்து, கடி ஆழமாக இறங்கியிருந்தால் பிரிவு இரண்டு. நம் கானாடுகாத்தான் பிள்ளை பிரிவு இரண்டுக்கு அச்சு அசலான உதாரணம்.

கடைவாய்ப்பல்லோடு நிறுத்திவிடாதீர்கள். உதட்டைப் பாருங்கள். பிள்ளை வாயை இயல்பாக மூடியிருக்கும்போது கீழுதட்டின் மேல் விளிம்பு, மேல் நடுப்பல்லின் எந்த உயரத்தில் படுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சாதாரணமாகப் பல்லின் கீழ் மூன்றில் ஒரு பங்கைத்தான் உதடு தொடும். இந்தப் பிள்ளைக்குப் பாதிக்கு மேல் மூடியிருந்தது. ‘உதட்டை மூடு’ என்று சொன்னால் பிள்ளைகள் இறுக்கி மூடிக்காட்டுவார்கள். அந்த அளவு எதற்கும் ஆகாது. நான் ஊர்க்கதை பேசுவேன். எந்த ஸ்கூல், சிவராத்திரிக்கு ஊருக்கு யார் யாரெல்லாம் வந்தார்கள் என்று கேட்டால், பேசி முடித்து வாய் தானாக மூடும். அப்போது பார்க்க வேண்டும்.

எந்தப் படம் ஆகும், எது ஆகாது

வழக்கமான படம் பக்கவாட்டு செஃபலோகிராம், அதாவது முழுத்தலையையும் பக்கவாட்டில் காட்டும் எக்ஸ்ரே. 1931-இல் அமெரிக்காவில் பிராட்பென்ட்டும் ஜெர்மனியில் ஹோஃப்ராத்தும் தனித்தனியே கொண்டுவந்த முறை. பிள்ளையின் தலை ஆடாமல் காதுத் தண்டுகளால் நிறுத்தி, எக்ஸ்ரே குழாய்க்கும் தலையின் நடுத்தளத்துக்கும் 5 அடி தூரம் வைத்து எடுப்பார்கள். கடைவாய்ப்பற்கள் சேர்ந்திருக்க வேண்டும், உதடு தளர்வாக இருக்க வேண்டும். படம் கொஞ்சம் பெரிதாகத்தான் விழும். நாம் அளப்பது கோணம் என்பதால் அது நம்மைப் பாதிக்காது.

எந்தப் படத்தை ஒதுக்குவது என்பதில் கறாராக இருங்கள். மேல் நடுப்பல் 7 அல்லது 8 வயதில் முளைக்கிறது. வேர் முடிவது 10 வயது வாக்கில். அதற்கு முன் எடுத்த படத்தில் வேரின் நுனி இன்னும் திறந்திருக்கும், நுனியே இல்லாத வேருக்குக் கோடு போட முடியாது. கேப் போட்ட பல், நுனி தேய்ந்த பல், முறுக்கித் திரும்பிய பல் எல்லாவற்றையும் ஒதுக்குங்கள். நம் பக்கத்தில் கொட்டைப்பாக்கை முன்பல்லால் கடித்துப் பழகிய பெரியவர்களுக்கு நுனி தேய்ந்து, தலையின் கோட்டை எங்கே தொடங்குவது என்றே தெரியாமல் போயிருக்கும்.

சின்ன வயதில் முற்றத்தில் விழுந்து பால்பல்லில் அடிபட்டதா என்று கட்டாயம் கேளுங்கள். உள்ளே உருவாகிக்கொண்டிருந்த நிரந்தரப் பல் அந்த அடியில் சட்டென்று ஒடிந்தாற்போல வளைந்து முளைக்கலாம். அது வேறு கதை. பெரும்பாலும் ஒரு பல்லில் மட்டும் இருக்கும், வளைவும் கூர்மையாகத் தெரியும். அதைக் கடிவகைக் கணக்கில் சேர்த்தால் கணக்கே கெட்டுவிடும்.

சிபிசிடி என்ற முப்பரிமாண எக்ஸ்ரே ஸ்கேன் எடுக்க வசதி இருந்தால் இன்னும் தெளிவு. பக்கவாட்டுப் படத்தில் இரண்டு நடுப்பற்களும் ஒன்றன்மேல் ஒன்று விழும்; சிபிசிடியில் ஒரு பல்லின் நடுவே வெட்டிப் பார்த்துவிடலாம். ஆனால் கோணம் அளக்க மட்டுமே ஒரு பிள்ளைக்கு அத்தனை கதிர்வீச்சு தேவையில்லை. சிகிச்சைத் திட்டத்துக்கு வேறு காரணம் இருந்தால் மட்டும் எடுங்கள்.

வரைவது

கம்ப்யூட்டர் மென்பொருள் வந்துவிட்டது. இருந்தாலும் முதல் ஐம்பது படங்களையாவது கையால் வரைந்து பழகச் சொல்லுவேன். மென்பொருளிலும் புள்ளி வைப்பது உங்கள் கைதான். பழகாத கை எங்கே வைத்தாலும் தப்பாகத்தான் வைக்கும்.

வேண்டியவை குறைவு. மேட் அசிடேட் தாள், 4எச் பென்சில், பாகைமானி, அளவுகோல், பின்னாலிருந்து வெளிச்சம் விழும் ஒரு கண்ணாடி. என் விளக்குப்பெட்டி ஒருமுறை உடைந்துபோனபோது, ஆத்தங்குடியில் டைல் ஊற்றும் தெரிந்தவரிடம் ஒரு கண்ணாடித் தகட்டை வாங்கி, அடியில் டியூப்லைட் வைத்து இரண்டு மாதம் ஓட்டினேன். டைலுக்கு மினுமினுப்புத் தருகிற அதே கண்ணாடி. வெளிச்சம் சீராகப் பரவினால் போதும், பெட்டியின் விலை முக்கியமில்லை. பென்சில் முனையை உப்புத்தாளில் தேய்த்து ஊசியாக வைத்துக்கொள்ளுங்கள். மழுங்கிய கோட்டின் தடிமனே அரை மில்லிமீட்டர் வரும். அரை மில்லிமீட்டர் என்ன செய்யும் என்பது அடுத்து வருகிறது.

இரண்டு நடுப்பற்களில் முன்னால் தள்ளி, தெளிவாகத் தெரிகிற ஒன்றை எடுத்துக்கொண்டு அதன் முழு உருவத்தையும் வரையுங்கள். பிறகு நான்கு புள்ளிகள்: வெட்டும் நுனி, வேரின் நுனி, உதட்டுப்பக்கம் எனாமல் முடிந்து வேர் தொடங்கும் இடம், அண்ணத்துப்பக்கம் அதே இடம். கடைசி இரண்டையும் ஒரு மெல்லிய கோட்டால் சேர்த்து, சரிபாதியில் ஒரு புள்ளி வையுங்கள். அதுதான் கழுத்துப்புள்ளி. வெட்டும் நுனியிலிருந்து அதற்குத் தலைக்கோடு. அங்கிருந்து வேரின் நுனிக்கு வேர்க்கோடு. தலைக்கோட்டைக் கழுத்தைத் தாண்டி விட்டுவிட்டு வரும் கோடாக நீட்டினால், அந்த நீட்டிப்புக்கும் வேர்க்கோட்டுக்கும் இடையில் இருப்பதே கழுத்துக் கோணம்.

குறியையும் முடிவு செய்துகொள்ளுங்கள். நீட்டிய தலைக்கோட்டுக்கு அண்ணத்துப்பக்கம் வேர் விழுந்தால் கூட்டல், உதட்டுப்பக்கம் விழுந்தால் கழித்தல் என்று நான் எழுதுவேன். சிலர் உள்கோணத்தை அப்படியே எழுதுவார்கள். அவர்களுக்கு 168 என்றால் நமக்கு 12. அடுத்தவர் எழுதியதைப் படிக்கும்போது முதலில் இதைப் பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் நேர்மாறாகப் புரிந்துகொள்வீர்கள்.

கழுத்துப்புள்ளியில்தான் எல்லாம் இருக்கிறது

இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம். பிழை பெரும்பாலும் பிறப்பது இந்த இடத்தில்தான்.

மேல் நடுப்பல்லின் தலை சராசரியாக 10.5 மி.மீ., வேர் 13 மி.மீ. வேரின் நுனியை 1 மி.மீ. தள்ளி வைத்தீர்கள் என்றால் வேர்க்கோடு மட்டும் சுமார் 4.4 டிகிரி திரும்பும். வெட்டும் நுனியை 1 மி.மீ. தள்ளி வைத்தால் தலைக்கோடு மட்டும் 5.4 டிகிரி திரும்பும். ஆனால் கழுத்துப்புள்ளி இரண்டு கோட்டுக்கும் பொது. அதை 1 மி.மீ. உதட்டுப்பக்கம் தள்ளினால் தலைக்கோடு ஒரு திசையிலும் வேர்க்கோடு எதிர்த்திசையிலும் திரும்பும். இரண்டு பிழையும் கூடிக்கொள்ளும். கிட்டத்தட்ட 10 டிகிரி. அரை மி.மீ. தவறினாலே 5 டிகிரி. மடிவே இல்லாத பல்லை மடிந்த பல் என்றும், மடிந்த பல்லை நேரான பல் என்றும் எழுத அது போதும்.

படத்தில் அந்த இடத்தைப் பிடிப்பதும் லேசில்லை. உதட்டுப்பக்கம் எனாமல் பளிச்சென்ற வெள்ளைப் பட்டையாக இறங்கி வந்து, மெலிந்து, கத்திமுனை போல முடியும். அந்த முனையில் ஒரு சிறு படி தெரியும், அதுதான் இடம். அண்ணத்துப்பக்கம் இன்னும் கடினம். பக்கத்துப் பல்லின் நிழலும் எலும்பின் நிழலும் அங்கே வந்து விழும். கண்டாங்கிச் சேலையில் கரை எங்கே முடிந்து உடல் எங்கே தொடங்குகிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. இங்கே கரையே மங்கி உடலோடு கலந்து கிடக்கும். எலும்பின் விளிம்பைக் கழுத்து என்று எடுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும் தவறு. எலும்பு விளிம்பு எனாமல் முடியும் இடத்துக்கு 1 முதல் 2 மி.மீ. மேலே வேர்ப்பக்கம் இருக்கும். ஒரு பக்கம் எனாமல் முனை, மறுபக்கம் எலும்பு விளிம்பு என்று வைத்துவிட்டால் கழுத்துக்கோடு சாய்ந்து, நடுப்புள்ளியும் இடம் மாறிவிடும்.

நானே இதில் அடிபட்டவன். தொழில் தொடங்கிய புதிதில், கல்யாணம் நிச்சயமாகும் நேரத்தில் வந்த ஒரு பெண்ணுக்கு அவசர அவசரமாக வரைந்து, பல் நேராக இருக்கிறது என்று எழுதி வைத்தேன். ஒரு வருடம் கழித்து எடுத்த படத்தில் வேரின் நுனி அண்ணத்துப்பக்க எலும்புச் சுவரை உரசிக்கொண்டு நின்றது, நுனியும் கொஞ்சம் கரைந்திருந்தது. பழைய தாளை எடுத்து மீண்டும் வரைந்தேன். அண்ணத்துப்பக்கப் புள்ளியை எலும்பு விளிம்பில் வைத்திருந்தேன். தாள் இன்னும் என் மேசை டிராயரில் இருக்கிறது.

இரண்டாம் முறை

அளந்ததை மூடி வைத்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து முந்தைய எண்ணைப் பார்க்காமல் மறுபடி வரையுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கமாக்கி, எல்லாவற்றையும் கூட்டி, படங்களின் எண்ணிக்கையைப் போல இரண்டு மடங்கால் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். டால்பெர்க் சூத்திரம் என்று ஆய்வுக்கட்டுரைகளில் வருவது இதுதான். பழகிப் பார்க்க ஒரு கணக்கு: ஐந்து படங்களில் வித்தியாசம் 1, 2, 0, 1, 2 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். வர்க்கங்களின் கூட்டல் 10, பத்தால் வகுத்தால் 1, மூலமும் 1. உங்கள் கைப்பிழை 1 டிகிரி. இது 3-ஐத் தாண்டினால் வகைகளை ஒப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கழுத்துப்புள்ளியைப் பழகப் போங்கள்.

கடிக்கேற்பப் படிப்பது

முதல் வகுப்பைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பெரும்பாலும் மடிவு சிறிது. சில டிகிரி இருந்தால் அது நோயல்ல, பல்லின் இயல்பு. கழுத்தில் துளிகூட மடியாத பல்தான் அபூர்வம்.

பிரிவு ஒன்றில் பல் சாய்ந்திருக்கும், மடிந்திருக்க வேண்டியதில்லை. கீழுதடு மேற்பல்லின் பின்னால் போய் மாட்டிக்கொண்டு முழுப்பல்லையும் வெளியே தள்ளுகிறது; கட்டைவிரல் சூப்பினாலும் அப்படியே. எவ்வளவு தூக்கலான பல்லாக இருந்தாலும் கழுத்துக் கோணம் முதல் வகுப்புக்குப் பக்கத்திலேயே இருப்பதுண்டு. கரும்பு உதாரணத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் வகுப்பில் ஆய்வுகள் ஒத்துப்போவதில்லை. சிலவற்றில் மடிவு கூடுதலாக வந்திருக்கிறது, சிலவற்றில் முதல் வகுப்போடு வித்தியாசம் இல்லை. என் கருத்து: கீழ்த்தாடை முன்னே போயிருக்கிறது என்ற ஒரே காரணத்தை வைத்து எதையும் ஊகிக்க வேண்டாம். மேற்பல் கீழ்ப்பல்லுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு முளைத்ததா, உதடும் நாக்கும் எங்கே தங்குகின்றன என்று பல் பல்லாகப் பாருங்கள். கீழ் முன்பற்கள் உள்ளே சாய்ந்திருப்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், அது சாய்வுதான்.

பிரிவு இரண்டுதான் விஷயம் உள்ள இடம். கழுத்துக் கோணத்தை வகைகளுக்கிடையே ஒப்பிட்ட ஆய்வுகளில் திரும்பத் திரும்ப உயர்ந்து நிற்பது இந்தப் பிரிவுதான். தலை அண்ணத்தைப் பார்த்து மடிந்திருக்கும். அதனால் தலைக்கோட்டை நீட்டினால் வேர் அதற்கு அண்ணத்துப்பக்கம் விழும், நம் குறியில் கூட்டல்.

ஏன் இப்படி? வலுவாகச் சொல்லப்படும் விளக்கம் கீழுதடு. பல்லின் தலை முளைத்து வாய்க்குள் வந்த பிறகும் வேர் இரண்டு மூன்று ஆண்டுகள் வளர்ந்துகொண்டே இருக்கிறது. அந்த நேரத்தில் உயர்ந்து நிற்கும் கீழுதடு தலையை இடைவிடாமல் உள்ளே அழுத்தினால், தலை ஒரு பக்கம் சாய, வேர் தான் தொடங்கிய பாதையிலேயே வளர்கிறது. மடிவு கழுத்தில் விழுந்துவிடுகிறது. உதட்டின் உயரத்தை முதலிலேயே குறிக்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

மறுபக்கமும் உண்டு. பிரிவு இரண்டு பரம்பரையில் வலுவாக வருவது. உயர்ந்த உதடும் மடிந்த பல்லும் ஒரே பரம்பரைச் சீட்டில் சேர்ந்தே வந்தவையாகவும் இருக்கலாம். ஆச்சி, மகள், பேத்தி மூவரையும் வரிசையாக உட்காரவைத்து வாயைப் பார்த்தபோது, மூவருக்கும் உதடும் அதே உயரம், பல்லும் அதே சாய்வு. எது எதை வளைத்தது என்று அந்த மூன்று வாயைப் பார்த்து என்னால் பிரிக்க முடியவில்லை.

ஒரு எச்சரிக்கை. ஒவ்வொரு வகுப்புக்குள்ளும் ஏற்ற இறக்கம் நிறைய. கோணத்தைப் பார்த்துக் கடியை வகைப்படுத்தாதீர்கள். பிரிவு இரண்டில் நேரான பல்லும் உண்டு, முதல் வகுப்பில் நன்றாக மடிந்த பல்லும் உண்டு. கடியைப் பார்த்து எச்சரிக்கையாவது, பிறகு அந்தப் பல்லையே அளப்பது. இந்த வரிசையை மாற்றக்கூடாது.

அளந்த பிறகு என்ன செய்வது

இந்தப் பிள்ளைக்கு என் அளவு 12 டிகிரி. அந்த 12 டிகிரி எலும்புக்குள் எவ்வளவு என்று பாருங்கள். 13 மி.மீ. வேரில் நுனி கிட்டத்தட்ட 2.7 மி.மீ. அண்ணத்துப்பக்கம் தள்ளியிருக்கிறது. நேரான பல்லாக இருந்தால் நுனி எங்கே இருக்குமோ, அங்கே அது இல்லை.

இப்போது சிகிச்சையை நினைத்துப் பாருங்கள். உள்ளே சாய்ந்த தலையை வெளியே கொண்டுவர, வேரை அண்ணத்துப்பக்கம் உருட்டுகிறோம். டார்க் என்று சொல்வது இதைத்தான். ஏற்கெனவே 2.7 மி.மீ. உள்ளே நிற்கும் வேரை மேலும் உள்ளே தள்ளுகிறோம் என்று அர்த்தம். அங்கே இருப்பது கெட்டியான எலும்புச் சுவர். வேர் அதில் முட்டினால் பல் நகராது, நுனி கரையலாம். அந்தக் கல்யாணப் பெண்ணுக்கு நடந்தது அதுதான்.

பல்லில் ஒட்டிக் கம்பியை மாட்டும் பிராக்கெட்டின் கணக்கும் இதை அறியாது. மேல் நடுப்பல்லுக்கு ஆண்ட்ரூஸ் வகையில் 7 டிகிரி, ராத் வகையில் 12, எம்பிடி வகையில் 17 டிகிரி டார்க் வைத்தே தயாரிக்கிறார்கள். அந்த எண்கள் பல்லின் உதட்டுப்பக்க முகத்தைப் பார்க்கின்றன, வேரைப் பார்ப்பதில்லை. ஒரே பிராக்கெட், ஒரே கம்பி. நேரான பல்லில் வேர் ஒரு இடத்திலும், 12 டிகிரி மடிந்த பல்லில் வேறு இடத்திலும் போய் நிற்கும். பிராக்கெட்டின் 0.022 அங்குலப் பள்ளத்தில் 0.019க்கு 0.025 அங்குலக் கம்பி சுமார் 10 டிகிரி ஆடும் இடைவெளி விடும் என்பதால், பிராக்கெட் மேல் எழுதியிருப்பது முழுவதும் பல்லுக்குப் போவதும் இல்லை. கூடுதல் டார்க் பிராக்கெட்டை எடுத்து ஒட்டிவிட்டால் பிரிவு இரண்டு சரியாகிவிடும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

செஃபலோகிராமில் பல்லின் சாய்வை அளக்கும் வழக்கமான முறையும் இங்கே ஏமாற்றும். அதில் வெட்டும் நுனியிலிருந்து வேரின் நுனிக்கு ஒரே கோடு போடுவோம். ஸ்டெய்னர் என்பவர் வகுத்த கணக்கில் மேல் முன்பல் என்ஏ கோட்டுக்கு (மூக்கின் வேரிலிருந்து மேல்தாடை முன்பள்ளத்துக்குப் போகும் கோடு) 22 டிகிரி, மேல் கீழ் முன்பற்களுக்கு இடையில் 131 டிகிரி என்பதெல்லாம் அந்தக் கோட்டை வைத்துத்தான். பல் மடிந்திருந்தால் கோடு கழுத்தின் நடுவே போகாமல் விலகிக் குறுக்காகப் பாயும். நம் பிள்ளையின் 12 டிகிரியில் தலை அந்தக் கோட்டைவிட 6.6 டிகிரி அதிகம் உள்ளே சாய்ந்திருக்கிறது, வேர் 5.4 டிகிரி எதிர்ப்பக்கம். தாளில் 131 வந்துவிட்டது என்று கிளிப்பைக் கழற்றினால், கண்ணாடியில் பிள்ளைக்குப் பல் இன்னும் உள்ளே விழுந்தாற்போலத்தான் தெரியும். கீழ்ப்பல்லுக்கு மேற்பல்லில் சரியான நிறுத்தம் கிடைக்காமல் கடி மறுபடி ஆழமாக இறங்கவும் அது வழிவிடும்.

ஆகையால் நான் இப்படிச் செய்கிறேன். மடிவு 10 டிகிரிக்குப் பக்கத்திலோ மேலேயோ வந்தால் அண்ணத்துப்பக்க எலும்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க சிபிசிடிக்கு எழுதுவேன். இங்கே காரணம் இருக்கிறது. தலையின் சாய்வையும் வேரின் சாய்வையும் தனித்தனி எண்ணாகத் திட்டத்தில் எழுதுவேன். டார்க்கை மெதுவாக, குறைந்த விசையில், நடுவே இடைவெளி விட்டுக் கொடுப்பேன். ஆறு மாதத்தில் வேர் நுனிப் படம் ஒன்று. கரைவது தெரிந்தால் நிறுத்தி, சில மாதம் சும்மா விட்டு, பிறகு முடிவு செய்வேன். எலும்பு இடம் தராவிட்டால் தலையின் சாய்வில் சில டிகிரியை விட்டுக்கொடுப்பேன். அதைக் குடும்பத்திடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும், கடைசி நாளில் சொன்னால் அது சமாளிப்பாகத்தான் படும்.

ஆச்சியிடம் சொன்னது

தாளை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினேன். “ஆச்சி, வெளிய தெரியுற பல்லு இது. உள்ள இருக்குற வேரு இது. ரெண்டும் ஒரே கோட்டுல இல்ல, பாத்தீங்களா?”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். “முருங்கைக் கெளைய வளச்சு நட்ட மாதிரில இருக்கு.”

“அதேதான். மேல நிமித்துறப்ப அடியில மண்ணு எடம் குடுக்கணும். அதனால நாளாகும். ரெண்டு வருசம் கிட்ட ஆகலாம். முழுசா நேராகாம கொஞ்சம் மிச்சமும் இருக்கலாம்.”

“ரெண்டு வருசம் சீப்புச்சீடை கடிக்கக் கூடாதாக்கும்?” என்று கேட்டது பேத்தி. கூடாது. சீடை, முறுக்கு, கரும்பு எதுவும் முன்பல்லால் கூடாது. பிராக்கெட் பெயர்ந்தால் டார்க் கணக்கு முதலிலிருந்து ஆரம்பம். தேன்குழலை ஒடித்துக் கடைவாயில் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

கிளிப் கழற்றிய பிறகு பல்லைப் பிடித்து வைக்கும் ரீடெய்னரை இந்தப் பிள்ளைக்கு நீண்ட காலம் போடச் சொல்லப்போகிறேன். பல்லை நகர்த்தினாலும் கீழுதடு அதே உயரத்தில்தான் இருக்கும், அழுத்தத்தை நிறுத்தாது. நடுப்பற்களுக்குப் பின்னால் ஒட்டும் மெல்லிய கம்பியும், இரவில் போடும் கழற்றும் வகையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

கிளம்பும்போது ஆச்சி வாசலில் நின்று திரும்பினார். “எனக்கும் ஒருக்கா அளந்து பாரு தம்பி, எத்தனன்னு தெரிஞ்சுக்குவோம்.” அவருக்கு வெட்டும் நுனி 2 மி.மீ.க்கு மேல் தேய்ந்திருக்கிறது. அளக்க முடியாத பல் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. அடுத்த முறை மகளையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன். மகளின் பல் தேயவில்லை, அளக்கலாம்.